காலித்தட்டு அண்ணனும் ஒரு லாக் நட்டும்

மதுரையில் இருசக்கர வண்டி வைத்திருப்பவர்களை இரண்டே வகையாகப் பிரித்துவிடலாம். காலித்தட்டு அண்ணனிடம் திட்டு வாங்கியவர்கள் ஒரு வகை. இனிமேல் வாங்கப்போகிறவர்கள் இன்னொரு வகை. நான் முதல் வகையில் மூத்த உறுப்பினன்.

அவனியாபுரத்தில் எங்கள் தெருமுனையில்தான் அவருடைய மெக்கானிக் பட்டறை. ஒரு வண்டியைப் பிரித்தால், கழற்றுகிற நட்டு போல்ட்டு எல்லாவற்றையும் அந்த வண்டிக்கென்று ஒரு அலுமினியத் தட்டில் போடுவார். வேலை முடிந்ததும் அந்தத் தட்டை நம் மூக்குக்கு நேரே நீட்டுவார்.

“பாத்துக்கங்க தம்பி. தட்டு காலி. கழட்டுனது அம்புட்டும் உள்ள போயிருச்சு.”

பார்க்காமல் சாவியைக் கேட்டால் தொலைந்தோம். தட்டைத் தடவிப் பார்த்து, “காலிண்ணே” என்று வாயால் சொன்னால்தான் சாவி கைக்கு வரும். ஆபீசுக்கு நேரமாகிவிட்ட நிலையில், நடுத்தெருவில் ஒரு காலித் தட்டைத் தடவிக்கொண்டு நிற்கிற கொடுமை பட்டவனுக்குத்தான் தெரியும்.

ஆள் பரம கிறிஸ்தவர். ஆனால் பட்டறையில் ஒரு வசனப் பலகை கிடையாது. யாரிடமும் ஒரு வார்த்தை பிரசங்கம் கிடையாது. பிரேக் விஷயத்தில் மட்டும் பிரசங்கத்தை நிறுத்த முடியாது. “பிரேக் லேசாத்தான்ணே பிடிக்கல, வீட்டுக்குப் போயி பாத்துக்கிறேன்” என்று ஒருநாள் தெரியாத்தனமாகச் சொல்லிவிட்டேன். வண்டியைப் பிடுங்கி உள்ளே நிறுத்தி, என்னை ஷேர் ஆட்டோவில் ஏற்றி அனுப்பினார்.

ஒருமுறை என் ஸ்கூட்டரைக் கழுவும்போது, நான் ஆயுதபூஜைக்கு வைத்த சந்தனப் பொட்டு அழிந்துவிட்டது. மனுஷன் கடைக்குப் போய் சந்தன வில்லை வாங்கிவந்து, குழைத்து, ஹெட்லைட்டுக்கு மேலே வைத்துக்கொண்டிருந்தார். அந்த நேரம் பார்த்தா அவருடைய சபை பாஸ்டர் வந்து நிற்க வேண்டும்?

“என்ன பிரதர் இது?”

“தம்பி வச்சத நான் அழிச்சுட்டேன் பாஸ்டர். அழிச்சவன்தான திருப்பி வைக்கணும்?”

பாஸ்டர் பொட்டையே கொஞ்ச நேரம் பார்த்தார். “கொஞ்சம் கோணலா இருக்கு பிரதர்” என்று சொல்லிவிட்டுப் போனார்.

அந்தப் பாஸ்டர்தான் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் வேதபாடம் வாசிக்க அண்ணனுக்கு முறை கொடுத்தார். ஆறாவதோடு பள்ளிக்கூடத்தை முடித்துக்கொண்டவர் அண்ணன். எழுத்துக்கூட்டித்தான் படிப்பார். சபைக்கு முன்னால் நின்று ஒரு தடவையாவது வாசித்துவிட வேண்டும் என்பது அவருடைய பல வருஷத்து ஆசை. ஒரு மாதம் அந்தப் பாடத்தைப் பட்டறையில் உருப்போட்டார். என்ஜின் சத்தத்துக்கு மேலே கத்தி வாசித்ததில் தெருவே தூக்கம் கெட்டது.

அந்த ஞாயிற்றுக்கிழமை காலை நடந்ததை அவரே பின்னால் சொன்னார். வெள்ளைச் சட்டை போட்டுக் கிளம்பியவருக்கு மூக்குக்கண்ணாடியைப் பட்டறையில் விட்டது ஞாபகம் வந்திருக்கிறது. போய் எடுத்தார். மேசைமேல் கண்ணாடிக்கு அடியில் ஒரு லாக் நட்டு கிடந்தது.

பிரேக் நட்டு கழன்றுவிடாமல் அதற்கு மேலே இறுக்குகிற நட்டு அது. அது இல்லாவிட்டாலும் அப்போதைக்கு பிரேக் பிடிக்கும். ஓட ஓட உள்நட்டு கழன்று விழும். அதற்கப்புறம் பிரேக்கே இருக்காது. முந்தின நாள் அவர் பிரேக் பார்த்துக் கொடுத்தவை மூன்று வண்டிகள். ஒரு பால்காரருடையது, திருநகரில் ஒரு டீச்சருடையது, என்னுடையது.

“அதான் மூணு தட்டையும் காலியாக் காட்டுனீங்கள்ல? கோயிலுக்கு நேரமாச்சு, வாங்க” என்றிருக்கிறார் அவர் மனைவி.

“தட்டு காலிதான். அப்ப இது எங்கருந்து வந்துச்சு? ஒருத்தன் வண்டியில இது இல்லாம ஓட்டிக்கிட்டு இருக்கான். நான் எப்படிப் போயி வாசிக்கிறது?”

மொபெட்டை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார். பால்காரர் வண்டியில் நட்டு சரியாக இருந்தது. டீச்சர் வண்டியிலும் இருந்தது. என் வீடு பூட்டிக் கிடந்தது. நான் போனையும் எடுக்கவில்லை. குடும்பத்தோடு அழகர்கோவில் போயிருக்கிறோம் என்று பக்கத்து வீட்டில் சொல்லியிருக்கிறார்கள்.

அங்கே என் பையனுக்கு முதல் மொட்டை. சொந்தக்காரர்களெல்லாம் வேனில் வந்தார்கள். நான் மட்டும் பெருமைக்கு மனைவியையும் பையனையும் ஸ்கூட்டரில் ஏற்றிவந்திருந்தேன். பையன் தாய்மாமன் மடியில் உட்கார்ந்து ஊரைக் கூட்டிக்கொண்டிருந்தான். பாதித் தலை வழித்தாகிவிட்டது. அப்போதுதான் அந்தச் சத்தம் கேட்டது.

“தம்பீ! வண்டிய எடுக்காதீங்க! யாரும் வண்டிய எடுக்காதீங்க!”

கூட்டத்தைப் பிளந்துகொண்டு மொபெட்டில் வருகிறார் காலித்தட்டு. வெள்ளைச் சட்டை, கக்கத்தில் வேதாகமம், பையில் ஸ்பேனர். இரண்டு செருப்பையும் தரையில் தேய்த்து, ஒரு தேங்காய்க்கடையை ஒட்டி வண்டியை நிறுத்தினார். நாவிதர் தூக்கிய கத்தியை அப்படியே வைத்துக்கொண்டு நின்றுவிட்டார்.

அண்ணன் நேரே என் ஸ்கூட்டருக்கு அடியில் வெள்ளைச் சட்டையோடு படுத்தார். எழுந்து, பையிலிருந்த லாக் நட்டை எடுத்து நீட்டியபோது முகம் பேயறைந்த மாதிரி இருந்தது.

“இதுலயும் இருக்கு தம்பி. அப்ப இது யாரோடது?”

நடந்ததை அப்போதுதான் மூச்சிரைக்கச் சொன்னார். வேறு யாருக்கு வேலை பார்த்தோம் என்று விரல்விட்டு எண்ணினார். வெள்ளிக்கிழமை வண்டிகளையும் தேடிப் போகிறேன் என்று மொபெட்டைத் திருப்பினார். என் மனைவிதான் கேட்டாள்.

“ஏண்ணே, வரும்போது காலத் தேச்சு நிப்பாட்டுனீங்க?”

“வர்ற வழியில பின்பிரேக்கு விட்டுப்போச்சும்மா. வீட்டுக்குப் போயி பாத்துக்கலாம்னு வந்துட்டேன்.”

சொல்லிவிட்டு அவரே நின்றுவிட்டார். எல்லோரும் குனிந்து பார்த்தோம். அவர் மொபெட்டில் பிரேக் கம்பி தனியாகத் தொங்கிக்கொண்டிருந்தது. இரண்டு நட்டும் இல்லை.

முந்தின நாள் சாயங்காலம் கடைசியாகத் தன் மொபெட்டையும் பிரித்து மாட்டியிருக்கிறார்.

“எல்லாருக்கும் தட்டு வைப்பீங்களே, ஒங்க வண்டிக்கு வைக்கலயா?” என்றேன்.

“என் வண்டிதானன்னு மேசையிலயே போட்டுட்டேன் தம்பி.”

எனக்குச் சிரிப்பும் வந்தது, ஆத்திரமும் வந்தது. எந்த வழியில், எந்த லாரிக்குப் பின்னால் அந்த உள்நட்டு விழுந்ததோ! அவரோ, “நல்லவேளை, ஒங்க யார் வண்டியும் இல்ல” என்று நிஜமாகவே சந்தோஷப்பட்டுக்கொண்டிருந்தார். மணி பதினொன்றைத் தாண்டியிருந்தது. ஆராதனை எப்போதோ முடிந்திருக்கும்.

மொபெட்டைத் தூக்கி வேன் மேலே கட்டினோம். அண்ணனை எங்களோடு பந்தியில் உட்காரவைத்தோம். சோறு இறங்கவில்லை மனுஷனுக்கு. வேதாகமத்தின் அட்டையைத் தடவிக்கொண்டே இருந்தார்.

“பாஸ்டர் வேற யாரையாச்சும் வாசிக்கச் சொல்லியிருப்பாரு” என்றார்.

“எங்களுக்கு வாசிச்சுக் காட்டுங்கண்ணே” என்றாள் என் மனைவி.

அவர் என்னைப் பார்த்தார். சொந்தக்காரர்களைப் பார்த்தார். கை கழுவிவிட்டு வந்து, கிரீஸ் அப்பிய வெள்ளைச் சட்டையின் பொத்தானைக் கழுத்து வரைக்கும் மாட்டினார். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, கோயில் வாசல் மரத்தடியில் நிமிர்ந்து நின்று, பெரிய சபைக்கு வாசிக்கிற மாதிரி வாசித்தார். ஒவ்வொரு வார்த்தையாக இறுக்கிவிட்டுத்தான் அடுத்ததற்குப் போனார். என் சொந்தக்காரர்கள் இலையில் கை வைத்தபடி கேட்டார்கள்.

நான் பக்கத்தில் நின்று வேதாகமத்தை எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தேன். பதற்றத்தில் இரண்டு வரியை முழுசாக விட்டுவிட்டுப் போனார்.

“தப்பில்லாம வாசிச்சேனா தம்பி?” என்றார் கண்ணாடியைக் கழற்றியபடி.

“ஒரு தப்பும் இல்லண்ணே” என்றேன். கோயில் வாசலில் நின்று துணிந்து சொன்ன பொய். அந்த மனுஷனுக்காக இன்னொரு தடவையும் சொல்வேன்.