முன்சீட்டில் தமிழரசி

இனிமேல் நான் ஒரு விளையாட்டு வீரன் என்று என் மனைவி தமிழரசியிடம் அறிவித்தேன். ஹேடோ துறைமுக ஊழியர்களுக்குப் படகுப் போட்டி வருகிறது, நானும் பக்கத்துக் குவார்ட்டர்ஸ் பன்னீர்செல்வமும் இரட்டைக் கயாக்கில் இறங்குகிறோம், தினமும் காலையில் குடாவில் பயிற்சி என்றேன். ஓட்ஸ் கஞ்சியைக் கிண்டிக்கொண்டிருந்தவள், போய்விட்டு வாருங்கள் என்றாள். எதற்கும் இவ்வளவு சுலபமாகச் சம்மதிக்கிறவள் இல்லை. நான் அப்போதே உஷாராகியிருக்க வேண்டும்.

விஷயம் இதுதான். டாக்டர் என் கொலஸ்ட்ராலைப் பார்த்து மிரண்ட நாளிலிருந்து எங்கள் சமையலறையில் எண்ணெய்க்கு ஊரடங்கு. பன்னீர் வீட்டிலும் அவன் மனைவி மீனா அதே சட்டம் போட்டிருந்தாள். குடாவின் மறுகரையில் ஒரு வங்காளி அண்ணனின் கடை இருக்கிறது, எல்லாருக்கும் அவர் தாதா. சுடச்சுடப் பூரி, உருளைக்கிழங்கு. ரோட்டில் போனால் பார்க்கிறவர்கள் எல்லாம் தெரிந்தவர்கள். கடலில் போனால் மீன் மட்டும்தான் பார்க்கும்.

நாலு துடுப்பு போட்டோம். ஆளுக்கு ஆறு பூரி போட்டோம். திரும்பும்போது முகத்தில் கடல்நீரைத் தெளித்துக்கொண்டு வியர்வை என்று கணக்குக் காட்டினேன். தமிழரசி பரிவோடு துண்டை நீட்டினாள். அந்த வாரம் முழுக்கக் கடலிலும் மிதந்தேன், தரையிலும் ஒரே மிதப்பு.

அடுத்த வாரம் ஒரு நாள் கரைக்குப் போனால் பன்னீரைக் காணோம். கயாக்கின் முன்சீட்டில் லைஃப் ஜாக்கெட்டை இறுக்கிக் கட்டியபடி தமிழரசி உட்கார்ந்திருந்தாள். பன்னீரை மீனா வீட்டில் பிடித்து வைத்துவிட்டாளாம். என் பயிற்சி கெடக் கூடாதே என்று இவள் வந்தாளாம்.

உனக்குத் துடுப்புப் பிடிக்கத் தெரியுமா என்று சிரித்தேன்.

"நான் கேம்பல் பேயில வளர்ந்தவ. நிக்கோபாரிப் பிள்ளைங்களோட ஹோடிப் படகு வலிச்சே லீவெல்லாம் போகும். நீங்கதான் ஒரு நாளும் கேட்டதில்ல."

துடுப்பு இருவர் கையிலும் இருந்தது. துடிப்பு அவள் கையில் மட்டும். கயாக் அம்பாகப் பாய்ந்தது. மறுகரை நெருங்கியதும் கடைவாசலில் நின்ற தாதா இரண்டு தட்டுகளைத் தூக்கிக் காட்டி, "ஆவோ பாய், கரம் ஹை" என்று சூடு ஆறுவதற்குள் வரச் சொன்னார்.

"யாருங்க அவரு? உங்களத்தான் கூப்பிடுற மாதிரி இருக்கு."

"யாரோ. எனக்குத் தெரியாது."

"அப்ப நிக்காம வலிங்க."

வாசனை காற்றில் கொஞ்ச தூரம் கூடவே வந்தது. பிறகு அதுவும் திரும்பிவிட்டது. அன்று குடாவின் வாய்வரை போனோம். மறுநாளும் போனோம். எங்கள் பெயரைத் தம்பதியர் பிரிவுக்கு மாற்றிவிட்டதாகத் திரும்பும் வழியில் சொன்னாள்.

போட்டியில் எங்களுக்குச் சரியான எதிரி, குட்வில் எஸ்டேட் குடியிருப்பிலிருந்து வந்த அருண்பிரசாத் ஜோடி. இருவருக்கும் ஜிம் உடம்பு. கடைசித் திருப்பம்வரை ஒட்டியே வந்தார்கள். அங்கே என் தோள் கழன்றுவிடும் போலாயிற்று. துடுப்பைக் கீழே வைத்துவிடலாமா என்று பார்த்தேன். தமிழரசி திரும்பிப் பார்க்காமலே நிதானமாகச் சொன்னாள்:

"கரையில தாதா பூரி போடுறாருன்னு நெனச்சுக்கிட்டு வலிங்க."

எல்லாம் தெரிந்திருக்கிறது. முதல் நாளே தெரிந்திருக்கிறது. பயமோ வெட்கமோ, எனக்குள் ஏதோ ஒன்று எஞ்சினைப் போலக் கிளம்பியது. அருண்பிரசாத் ஜோடியை முழுப் படகு நீளம் பின்னே தள்ளிக் கரையேறினோம். துறைமுகமே கைதட்டியது. ஈரத் தலையோடு கோப்பையை உயர்த்திய தமிழரசியைப் பார்த்தபோது, சத்தியமாகச் சொல்கிறேன், எனக்குக் கண் கலங்கிவிட்டது.

மறுநாள் உள்ளூர்ப் பேப்பரில் பெரிதாகப் படம். கோப்பையோடு தமிழரசி, முழுப் பெயர் போட்டிருந்தது. பக்கத்தில் நிற்கும் என்னைப் பற்றி ஒரே ஒரு சொல்: உறவினர்.