கிரிக்கெட் துடுப்பென்று வந்த துவக்குப் பிடங்கு

வெள்ளவத்தை,
09.09.2025

பெருமதிப்புக்குரிய கனகசபாபதி மாமாவுக்கு,

என்னைப் பொலிசில் பிடித்துக் கொடுத்தவர் நீங்கள்தான்.

இங்கு நானும் அம்மாவும் நல்ல சுகம். உங்கள் சுகத்துக்கும் மாமியின் சுகத்துக்கும் பிள்ளையாரை வேண்டிக்கொள்கிறேன். இந்த இரண்டு வரியையும் அம்மா பக்கத்தில் நின்று எழுதவைத்தார். இப்போது அவர் குசினிக்குள் போய்விட்டதால் இனி வருவதெல்லாம் என் சொந்த வரிகள்.

இந்தக் காலத்தில் கடிதமா என்று யோசிப்பீர்கள். நீங்கள் தரவேண்டிய இரண்டு தாளை வட்ஸ்அப்பில் பதினேழு தரம் கேட்டுவிட்டேன். நீங்கள் ரோசாப்பூவுக்குள் காலை வணக்கம் வைத்து அனுப்பிக்கொண்டிருக்கிறீர்கள். சட்டத்தரணி சுபோதினி அக்காதான், "தம்பி, பேப்பரில எழுதிப் பதிவுத் தபாலில போடும். நாளைக்கு ஆரும் கேட்டால் காட்ட ஒரு துண்டாவது வேணும்" என்றார். கத்தார் வேலைக்கு நான் இந்த மாதம் முப்பதாம் திகதிக்குள் பொலிஸ் நற்சான்றுப் பத்திரம் கொடுக்கவேண்டும். கொடுக்காவிட்டால் வேலை அடுத்த ஆளுக்கு. இரண்டு வருடமாக நுகேகொடையில் ஒரு கட்டிடக் கம்பனியில், பயிற்சி என்ற பெயரில் அரைச் சம்பளத்துக்கு மாரடித்து எடுத்த வேலை அது. அந்தப் பத்திரம் இப்போது உங்கள் மானின் கொம்பில் மாட்டிக்கொண்டு தொங்குகிறது.

துவக்குக் கதைக்கு வருகிறேன். முப்பத்தைந்து வருடத்துக்கு முன் நீங்கள் கனடாவில் போய் இறங்கி, துவக்குக்குப் பயந்து ஓடிவந்தேன் என்று எழுதிக் கொடுத்தீர்கள். அது உண்மை; அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. அப்படி ஓடிய மனிதர் அறுபது வயதில், ஏதோ ஒரு நாட்டு ஆமி உலக யுத்தத்தில் தூக்கித் திரிந்து கழித்துவிட்ட பழைய துவக்கை மலிவாக வாங்கி, லைசென்சும் எடுத்து, அதை மான் சுடுகிற துவக்காக மாற்றப்போகிறேன் என்று கராஜுக்குள் குந்திக்கொண்டிருந்தால் அதை நான் யாரிடம் போய்ச் சொல்வது? வெள்ளிக்கிழமைகளில் முட்டைகூடத் தொடாதவர் நீங்கள். சரி, உங்கள் காடு, உங்கள் மான். துவக்கின் பின்பக்கத்து மரமான, ஆமிக்காரனின் பாரமான பிடங்கைக் கழற்றிவிட்டுத் தோளுக்குப் பொருந்துகிற மெல்லிய பிடங்கு போடவேண்டுமாம். அங்கே செய்வித்தால் விலை கூடவாம். அதனால் பழையதை மாதிரிக்கு என்று வெள்ளவத்தைக்கு அனுப்பினீர்கள். கனடாவில் மரம் இல்லையா மாமா? கொடியிலேயே இலை வைத்திருக்கிற நாடு!

பெட்டி வந்தது. சொக்லட், சம்பூ, துவாய், நடுவில் போர்வைக்குள் சுற்றி அது. பொருட்பட்டியலில் உங்கள் கையெழுத்தில் "கிரிக்கெட் துடுப்பு - 1". பெட்டியைக் கொண்டுவந்த கார்கோ நபீஸ் நானா போர்வையை விலக்கிப் பார்த்துவிட்டு, "தம்பி, இந்த பேட்டால அடிச்சா பந்து எங்க பெய்த்து விழும் எண்டு அல்லாஹ்வுக்குத்தான் தெரியும். நான் இத காணவும் இல்ல" என்று சொல்லித் தேத்தண்ணீர்கூடக் குடிக்காமல் இறங்கிப் போனார். அம்மா அதைக் கண்டதும் ஓரடி பின்னால் வைத்தார். "இது பிடங்கெல்லோ" என்றார். எங்கள் வீட்டுக்குள் அந்தச் சொல் எப்படி வந்தது என்று உங்களுக்குத் தெரியும். ஆமியிடம் பிடங்கடி வாங்கிய உங்கள் முதுகு வழியாக வந்தது. ஆனால் நீங்கள் ரெலிபோன் எடுத்து, "ஒண்டும் யோசிக்காதை சரோ, அது வெறும் மரம்" என்றதும் அம்மா அப்படியே மாறிவிட்டார். "அண்ணா இவ்வளவு காலத்தில எங்களிட்டை ஒண்டும் கேட்டதில்லை. ஒருக்காக் கொண்டுபோய்க் குடுத்திட்டு வா ராசா." நானும் கொண்டுபோனேன்.

கொட்டாஞ்சேனையில் தேவாலயச் சுருவங்களுக்கு மரப்பீடம் செய்கிற உங்கள் பழைய சிநேகிதர் கிளறன்ஸ் அண்ணன் செவ்வாய்க்கிழமை வரச்சொன்னார். "நான் நவநாளுக்குக் கொச்சிக்கடை அந்தோனியார் கோயிலுக்கு வருவன். வாசலில நில்லும்." செவ்வாய்க்கிழமை அந்த வாசலில் எவ்வளவு சனம் என்றும், பையைத் திறந்து பார்க்காமல் உள்ளே விடமாட்டார்கள் என்றும் கொழும்பில் எல்லோருக்கும் தெரியும். ஈஸ்டர் குண்டுக்குப் பிறகு அந்த வாசலில் அப்படிப் பார்ப்பதற்குக் காரணம் இருக்கிறது. அதை நான் குறை சொல்லமாட்டேன். சைவக்காரன் கிழமையை யோசிக்காமல் போனது என் பிழை. இந்தக் கடிதத்தில் என் பிழை அது ஒன்றுதான்.

வாசலில் நின்ற பொலிஸ் சார்ஜன் பையைத் திறந்தார். "மல்லி, மேக மொகக்த?" இது என்னவென்று கேட்டார். என் கையில் இருந்தது உங்கள் பொருட்பட்டியல். "பெட் எகக், சேர்" என்றேன். துடுப்பாம்! அவர் அதை எடுத்துத் தோளில் பொருத்தி, ஒரு கண்ணை மூடி, பழகிய கையால் குறி பார்த்தார். இந்தத் துடுப்பால் தானும் இருபத்தைந்து வருடம் விளையாடியதாகச் சிங்களத்தில் சொன்னார். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். பிறகு அடையாள அட்டையைக் கேட்டார். பிறந்த இடம் யாழ்ப்பாணம் என்று இருந்தது. அதற்குப் பிறகு ஒருவரும் சிரிக்கவில்லை.

பொலிஸ் நிலையத்தில் ஐந்து மணித்தியாலம் ஒரு வாங்கில் இருத்தி வைத்தார்கள். என் ரெலிபோனைப் பார்த்தார்கள். அதில் யாருடைய படம்? பச்சைக் கோட்டும் தொப்பியும் போட்டு, மீசையை முறுக்கி, ஆமித் துவக்கோடு கனடாவில் நிற்கிற ஒரு தமிழரின் படம். "இது யார்?" என்று நிலையத்துக்குப் பொறுப்பான பெரியவர் கேட்டார். மாமா என்றேன். அதைவிடக் கேவலமான பதில் அந்த நேரத்தில் வேறு இல்லை. உங்களுக்கு ரெலிபோன் எடுக்கச் சொன்னார்கள். ஸ்பீக்கரில் போட்டேன். தமிழ் தெரிந்த ஒரு பொலிஸ்காரப் பெண் மொழிபெயர்க்க ஆயத்தமாக நின்றார். "மாமா, பொலிசில நிக்கிறன். அது உங்கடை எண்டு ஒருக்காச் சொல்லுங்கோ" என்றேன். நீங்கள் என்ன சொன்னீர்கள்? "ஐயோ மருமகன், அதில கீறல் ஒண்டும் விழேல்லையே?" அந்தப் பெண் ஒரு சொல் விடாமல் மொழிபெயர்த்தார். அதோடு நிறுத்தினீர்களா? "மான் கிடைச்சால் வத்தல் போட்டு அனுப்புறன் எண்டு கொம்மாட்டைச் சொல்லு" என்று வைத்துவிட்டீர்கள். மான் என்பது எந்த ஆளுடைய இயக்கப் பெயர் என்று பெரியவர் என்னிடம் அரை மணித்தியாலம் கேட்டார்.

கடைசியில் கிளறன்ஸ் அண்ணன் செபமாலையும் கையுமாக வந்து, "சேர், நான் மாதா சுருவத்துக்குப் பீடம் செய்யிறவன். என்ட வாழ்க்கையில சீவுளியைத் தவிர ஒண்டும் தூக்கினதில்ல" என்று அழுததால் விட்டார்கள். மரத்தை வைத்துக்கொண்டார்கள். என் பெயரைக் கொப்பியில் எழுதிக்கொண்டார்கள். எழுத ஐந்து நிமிடம் ஆனது. அதை வெட்டி நற்சான்றுப் பத்திரம் எடுப்பதற்கு, அது உங்கள் மரம் என்று நீங்கள் கையெழுத்துப் போட்ட கடிதமும் உங்கள் துவக்கு லைசென்சின் பிரதியும் வேண்டும். இரண்டே தாள். அதற்கு நீங்கள் தந்த பதில்கள் என்னிடம் பத்திரமாக இருக்கின்றன: வார்னிஷ் அடிக்கவேண்டாம், எண்ணெய்தான் பூசவேண்டும் என்பது ஒன்று. உங்கள் தோளின் அளவு ஒன்று. பொலிஸ்காரர் அதை வெயிலில் வைத்தால் வெடித்துவிடும், சொல்லிவை என்பது ஒன்று. இதை நான் எந்தச் சிங்களத்தில் சொல்வது? பனிக்காட்டில் நீங்கள் துவக்கோடு நின்றால் உங்களை வேட்டைக்காரர் என்கிறார்கள். வெறும் மரத்தோடு இங்கே நான் நின்றால் என்ன சொல்வார்கள் என்று நீங்கள் மறந்துபோகலாம். மறப்பதற்கு எனக்கு வசதி இல்லை.

ஆகவே இனிமேல் எங்களுக்குப் பெட்டி வேண்டாம். சொக்லட்டும் வேண்டாம். துடுப்பு, பந்து, ஸ்டம்ப் எதுவும் வேண்டாம். துவக்குச் சம்பந்தமான ஒரு சிராய்கூட இனி இந்த வீட்டுப் படியைத் தாண்டாது என்று அம்மா எனக்குச் சத்தியம் செய்து தந்திருக்கிறார்.

மாமிக்கு என் அன்பைச் சொல்லுங்கள். பிள்ளையார் உங்களுக்கு நீண்ட ஆயுளையும் அங்குள்ள மான்களுக்குக் கூர்மையான காதையும் கொடுக்கட்டும்.

இப்படிக்கு,
உங்கள் மருமகன்
தேனுஜன்

பி.கு.: இதை ஒட்டப்போகும்போதுதான் அம்மா வாய் திறந்தார். நீங்கள் பிடங்கின் உருவத்தை அளவோடு கீறிய கடதாசி ஒன்றும் பெட்டிக்குள் இருந்ததாம். அதை முதல் நாளே கிளறன்ஸ் அண்ணனுக்குக் கொடுத்துவிட்டாராம். அப்படியென்றால் நான் அந்த மரத்தைச் சுமந்துகொண்டு போனது எதற்கு? புதுப் பிடங்கு போன கிழமையே முடிந்துவிட்டதாம். நேற்று மிளகாய்த்தூளோடும் பருத்தித்துறை வடையோடும் கார்கோவில் போட்டுவிட்டாராம். பட்டியலில் கிரிக்கெட் துடுப்பு. அனுப்புகிறவரின் அடையாள அட்டை கேட்டதால் என்னுடையதைக் கொடுத்தாராம். "உன்ரை பேரில வந்தால் அண்ணா சந்தோசப்படுவார் எண்டு நினைச்சன்." பெட்டி இன்னும் துறைமுகத்தில்தான் நிற்கிறது, கப்பல் வெள்ளிக்கிழமை. இதையும் சற்றுமுன் வட்ஸ்அப்பில் உங்களுக்குச் சொன்னேன். ரோசாப்பூ வந்தது. மாமா, உங்கள் கடிதம் எங்கே?