வராத ஞாயிற்றுக்கிழமை

செவல்குளம் கிறிஸ்தவக் கோவிலின் துணை உபதேசியார் இன்பராஜைப் பாராட்டுவது என்று சபைப் பஞ்சாயத்து ஏகமனதாகத் தீர்மானித்தது. துணை உபதேசியார் என்றால் உபதேசியாருக்குத் துணையாக இருப்பவர். ஆராதனை நடத்த உபதேசியார் என்று ஒருவர் அந்த ஊரில் பதினோரு வருஷமாக இல்லை. ஆனாலும் துணைக்குக் குறைவில்லை.

தீர்மானத்தை நோட்டில் எழுதியவரும் இன்பராஜ்தான். பஞ்சாயத்தில் எழுதத் தெரிந்தவர் அவர் ஒருவரே. தன்னைப் பற்றித் தானே "மதிப்பிற்குரிய" என்று எழுதக் கை கூசியது. மூப்பர் நல்லகண்ணு விடவில்லை.

"வெறும் மதிப்பு பத்தாது, உபதேசியாரே. பெருமதிப்புன்னு போடுங்க. உங்க விசயத்துல நாங்க கருமித்தனம் பண்ண மாட்டோம்."

வீட்டில் அவர் மனைவி பொன்னுத்தாய்க்கு ஒன்பதாம் மாசம். தலைப்பிரசவம். பிறந்த ஊரான மல்லாங்கிணற்றில் அவளுக்கு அம்மா மட்டும்தான். வந்து கூட்டிப்போக ஆண்பிள்ளை இல்லை. கொண்டுபோய் விட்டுக் கூட இருக்க ஒரு வாரம் லீவு கேட்டு அவர் போட்ட மனு, அதே நோட்டுக்குள் ஐந்து மாசமாக மடிந்து கிடந்தது. போட்டபோது அவளுக்கு வயிறு வெளியே தெரியவில்லை. "அவசரம் எதுவும் தென்படவில்லை" என்று ஒத்திவைத்தார்கள். இப்போது நன்றாகவே தென்பட்டது. ஆனால் பாராட்டு முடியுமுன் பாராட்டப்படுகிறவர் ஊரைவிட்டுப் போகலாமா? மறுபடியும் ஒத்திவைத்தார்கள்.

"பாராட்டுல என்னங்க குடுப்பாக?" என்று கேட்டாள் பொன்னுத்தாய்.

"ஒரு மாலை. அப்புறம் ஒரு வாழ்த்துப் பத்திரம்."

"பிள்ளைய நான் பத்திரத்துலயா ஏந்தப் போறேன்?"

இன்பராஜுக்கு நேரம் இல்லை. தன் பாராட்டுக்கு ஆள் கூப்பிட நாலு ஊருக்கு நடந்தார். கோவிலைப் பெருக்கினார், பாய் விரித்தார், செவ்வரளி பறித்துத் தன் மாலையைத் தானே கட்டினார். பாராட்டு நாளன்று வாழ்த்துப் பத்திரத்தை மூப்பர்தான் வாசிப்பதாக ஏற்பாடு. மூப்பர் கண்ணாடியை மறந்து வந்ததால், அவருடைய வாழ்த்தை அவருக்குப் பதிலாக இன்பராஜே உரக்க வாசித்தார். சபையார் கைதட்டினார்கள்.

அருப்புக்கோட்டையிலிருந்து மாட்டுவண்டியில் வந்திருந்த போதகருக்கு மனம் இளகிவிட்டது. "உமக்கு என்ன வேண்டும்? கூசாமல் கேளும்."

"ஒரு வாரம் லீவு, ஐயா."

கைதட்டல் நின்றது.

"மணியடிக்கிறது அவுக. ஆராதனை நடத்துறது அவுக" என்று எழுந்தார் மூப்பர். "காய்ச்சல்காரனுக்கு ஜெபம் பண்றது அவுக. செத்தா குழிக்கு அளவு பாக்குறதும் அவுகதான். இப்பேர்ப்பட்ட மனுசருக்கு எப்படி ஐயா லீவு குடுக்க முடியும்?"

அன்றைய பேச்சுகளில் அதுதான் மிகச் சிறந்த பாராட்டு. மனு ஏகமனதாகத் தள்ளப்பட்டது. தள்ளியதையும் இன்பராஜ் எழுதினார்.

போதகர் வண்டியில் ஏறப் போனால், அங்கே பொன்னுத்தாய் துணிமூட்டையோடு முன்னமே உட்கார்ந்திருந்தாள்.

"மல்லாங்கிணறு பஸ்ஸுக்குப் போகணும், ஐயா. டவுனுல எறக்கி விட்டாப் போதும். அவுகளுக்குத்தான் லீவு இல்லையாமே."

போதகர் அவள் வயிற்றைப் பார்த்தார். அருப்புக்கோட்டைப் பாதையின் பள்ளமேடுகளை நினைத்தார். வேர்த்துவிட்டது.

"உபதேசியாரே, நீரும் ஏறும்."

"லீவு இல்லையே, ஐயா."

"இது லீவு இல்லை. எனக்குத் துணையாக வருகிறீர். துணை என்று உமது உத்தியோகத்திலேயே இருக்கிறது."

வண்டி போய்விட்டது.

அடுத்த ஞாயிறு செவல்குளத்தில் மணியடிக்கவில்லை. கோவில் வேம்பில் மணியாகத் தொங்கிய தண்டவாளத் துண்டை யார் தட்டினாலும் சத்தம் வரும். ஆனால் அதற்குத் தீர்மானம் இல்லை. மூப்பர் வெள்ளை வேட்டி கட்டிக் காத்திருந்தார். மணி கேட்காததால், "சனிக்கிழமைதான் போல" என்று அதை அவிழ்த்து வைத்துவிட்டுப் பருத்தி எடுக்கப் போனார். மூப்பரே போகிறார் என்று ஊரும் போனது.

செவ்வாய்க்கிழமை இன்பராஜ் திரும்பிவந்த பிறகுதான், போனது ஞாயிறு என்ற விசயம் தெரிந்தது. ஒரு ஆராதனை தவறியது என்றால் போதகருக்கு யார் பதில் சொல்வது? பஞ்சாயத்து அவசரமாகக் கூடி யோசித்தது. மணியடிக்காததால் அன்று ஞாயிற்றுக்கிழமை அல்ல. ஞாயிறே வராததால் ஆராதனை தவறவில்லை. ஆராதனை தவறாததால் உபதேசியார் ஊரில்தான் இருந்திருக்கிறார். ஏகமனதாக நிறைவேறியது.

"அன்னைக்குத்தான் எனக்குப் பொம்பளப்பிள்ளை பொறந்துச்சு" என்றார் இன்பராஜ், எழுதுவதை நிறுத்தி. "ஞானஸ்நான நோட்டுல என்ன கிழமை போட?"

"சனின்னு போடுங்க. உங்க பிள்ளைக்காகத் தீர்மானத்த மாத்த முடியுமா?"

அவர் சனி என்று போட்டார்.

மூன்று மாசம் கழித்துப் பொன்னுத்தாய் பிள்ளையோடு ஊர் வந்தாள். பஞ்சாயத்துக்கு அவள்மேலும் நன்றி பொங்கியது. இன்பராஜ் வீட்டுக்கு வந்து, தானே எழுதிய தீர்மானத்தைச் சொன்னார்.

"துணை உபதேசியாருக்குத் துணையா இருக்குறதுக்காக, வாற ஞாயித்துக்கிழமை உனக்குப் பாராட்டாம். வெள்ளென வந்து கோவிலப் பெருக்கி, பாய் விரிச்சு, மாலையும் கட்டி வச்சிரச் சொன்னாக."

பொன்னுத்தாய் தொட்டிலை ஆட்டினாள்.

"ரொம்ப சந்தோசம்னு சொல்லுங்க" என்றாள். "அன்னைக்கு மட்டும் மணியடிக்காம இருங்க."