ஆஸ்டின் டவுனின் அந்நிய முதலீட்டாளர்

பெங்களூரில் தன்னை அந்நிய முதலீட்டாளர் என்று நம்பிய ஒரே இஸ்திரிக்காரர் எங்கள் ஆஸ்டின் டவுன் தெருவில்தான் இருக்கிறார். பெயர் கேட்டால் யாருக்கும் தெரியாது. 'இன்வெஸ்டர்' என்றால் எல்லோரும் கை காட்டுவார்கள். அந்தப் பெயர் வருவதற்கு முன்பே என் சட்டைகளில் நான்கைக் கருக்கியிருந்தார். ஐந்தாவதில் காலர் மட்டும்.

எல்லாம் யாரோ ஒரு மேனேஜரின் கோட்டுப் பையில் ஆரம்பித்தது. அதில் மறந்துபோன வழவழப்பான புத்தகம் ஒன்று. பன்னிரண்டு பக்கம், ஒன்பது படம், ஒன்பதிலும் சிரிப்பு. படித்துச் சொல்லும் வேலை எனக்கு. ஐரோப்பாவில் ஒரு பணக்கார நாட்டின் மூலையில் ஏதோ ஊர், ஆலைகள் மூடிவிட்டன. வெளிநாட்டவர் வந்து தொழில் தொடங்கினால் நிலம் இலவசம், பத்து வருடம் வரி கிடையாது.

"பணக்கார நாடுன்றீங்க. அப்பறம் இன்னாத்துக்கு சார் கையேந்துறான்?"

"நாடு பணக்கார நாடுதான்யா. அந்த மூலைதான் ஏழை."

"நமக்கு அவன் ஃபாரின்னா, அவனுக்கு நான் ஃபாரின்தானே?"

தப்புக் கண்டுபிடிக்க முடியவில்லை. அதுதான் எரிச்சல்.

அவருக்கும் அவசரம். எதிர் அபார்ட்மெண்ட்காரர்கள், மாதக் கடைசிக்குள் மரத்தடியிலிருந்து தள்ளுவண்டியை எடுக்கச் சொல்லி நோட்டீஸ் கொடுத்திருந்தார்கள். இருபத்திரண்டு வருடம் நின்ற இடம்.

அந்த ஊர்க்காரர்கள் முதலீடு தேடி இங்கே ஒரு ஹோட்டலுக்கு வரும் தேதி கடைசிப் பக்கத்தில் இருந்தது. போனோம். இன்வெஸ்டர் வெள்ளைச் சட்டையில் ஜொலித்தார். லிஃப்டில்தான் கவனித்தேன், அது என் சட்டை.

எத்தனை பேருக்கு வேலை தருவீர்கள் என்று அந்த ஊரிலிருந்து வந்த ஓர் அம்மாள் கேட்டாள்.

"ஒண்ணரை. நான் ஒண்ணு. வீட்டுக்காரம்மா காலைல மட்டும்."

அவள் சிரிக்கவில்லை. இதற்குமுன் வந்த கம்பெனி ஆயிரம் வேலை என்றதாம். வரிச்சலுகை முடிந்த மாதமே மூட்டை கட்டியதாம். இளைஞர்களும் பின்னாலேயே போய்விட்டார்களாம்.

மொழிபெயர்த்தேன். இன்வெஸ்டருக்குக் கோபம் வந்துவிட்டது.

"சலுகை முடிஞ்சா ஓடுறவனுக்கு மாலை. ஒரே மரத்தடில நிக்கிறவனுக்கு நோட்டீஸ். சும்னே வாங்க சார், போலாம்!"

மாதக் கடைசியில் அவர் வண்டியை என் காம்பவுண்டுக்குள் விடச் சொன்னேன். ஆறடிக்கு நாலடி, அளந்துதான் கொடுத்தேன். பத்து வருடம் வாடகை கிடையாது. முதலீட்டாளர்களை அப்படித்தான் வரவேற்க வேண்டுமாம், ஏழாம் பக்கத்தில் போட்டிருந்தது.

சலுகை முடிந்து ஒரு வருடம் நான்கு மாதம் ஆகிறது. மனிதர் ஓடவில்லை. நானும் வாடகைப் பேச்சை எடுக்கவில்லை. சட்டைக் கணக்கு பதினொன்றைத் தொட்டுவிட்டது. ஆனாலும் காலை ஏழு மணிக்கு அவர் பெட்டியில் கரி கொட்டும் சத்தம் கேட்காவிட்டால், எனக்குக் காபி இறங்குவதில்லை.