பதிமூன்றாவது கேள்வி

"அம்மா, உங்க கையைத் தொடலாமாங்க?" என்று தலைமைச் செவிலி நாலாம் கட்டில்காரியிடம் ஆறாவது முறையாகக் கேட்டாள். கண் மட்டும் ஆய்வாளரின் அட்டைமேல் இருந்தது.

"தொட்டுத் தொலைங்க சிஸ்டர்! ஒரு ஊசி போட எவ்வளவு நேரம்?"

கால்மாட்டில் நின்ற ஆய்வாளர் கடுப்போடு இன்னொரு டிக் அடித்தாள்.

பிரசவ வார்டில் தாய்மார்களை மரியாதையாக நடத்துகிறார்களா என்பதுதான் ஆய்வு. பதிமூன்று கேள்விகள். இயக்குநர், பெரிய டாக்டர், நெறிமுறைக் குழு என்று மூன்று கையெழுத்து வாங்கிக்கொண்டு வந்திருந்தாள். அவளைப் பெற்றபோது அவளுடைய அம்மா இப்படியொரு கட்டிலில்தான் தொடையில் அடி வாங்கினாள். அதை அம்மா இன்றைக்கும் சிரித்துக்கொண்டே சொல்வாள். மகளுக்குச் சிரிப்பு வந்ததில்லை.

ஆனால் மூன்று நாளில் ஓர் அதட்டல்கூட விழவில்லை. நாளை அறிக்கை. இந்தத் தாளை நம்பினால் பிரசவ வார்டு சொர்க்கம்.

வராந்தாவுக்கு வந்து அக்காவுக்குப் போன் போட்டாள். அக்காவுக்கு மருந்து ஆய்வுக்கூடத்தில் வேலை.

"எல்லாரும் நடிக்கிறாங்கக்கா!"

"செல்லு மேல ஏற்பின்னு ஒண்ணு இருக்குடி. மருந்து அதுலதான் வந்து ஒட்டணும். ஆனா ஊத்திக்கிட்டே இருந்தா, செல்லு ஏற்பியை உள்ள இழுத்துக்கும். அப்புறம் என்ன ஊத்தினாலும் வேலைக்கு ஆகாது. நீ ஓவர்டோஸ். மறைஞ்சு நில்லு."

மறைந்து நின்றாள். ஐந்தே நிமிடத்தில் குரல் வந்தது.

"மேடம், திரையை விலக்கலாமாங்க?"

திரைக்குப் பின்னால் நாற்காலி வந்தது. டீ வந்தது. மின்விசிறி திரும்பியது. இந்த உபசாரத்தில், நாலாம் கட்டில்காரி கேட்ட தண்ணீர் மட்டும் வரவில்லை.

அடுத்து, துப்புரவுப் பணியாளரின் நீலக் கோட்டையும் முகக்கவசத்தையும் இரவல் வாங்கி மாட்டிக்கொண்டாள். உள்ளே நுழைந்ததும் வார்டு டாக்டர் அவளைப் பார்த்துக் கத்தினார்.

"ஏய், வாளியை எடு! காது செவிடா?"

ஆய்வாளருக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது. கிடைத்துவிட்டது! கோட்டுக்குள்ளிருந்து அட்டையை உருவினாள். பதிமூன்றிலும் தேடினாள். எல்லாமே தாயைப் பற்றிய கேள்விகள். துப்புரவுப் பெண்ணைத் திட்டினால் டிக் அடிக்க ஒரு கட்டமும் இல்லை. தேடிய பதற்றத்தில் அட்டை கை நழுவி டாக்டரின் காலடியில் விழுந்தது.

"ஐயய்யோ, மேடமா!" என்றாள் செவிலி. டாக்டர் தானே வாளியைத் தூக்கிக்கொண்டு போனார்.

அதன்பிறகு மரியாதை கட்டுக்கடங்காமல் போயிற்று.

"அம்மா, வலி வருதுங்களா? இந்தப் பக்கம் திரும்பிப் படுக்க விருப்பமாங்க?"

"விருப்பமாவா? புள்ளை வருது! யாராவது புடிங்கடி!"

செவிலி அந்த நொடியில் அட்டையை மறந்தாள். "முக்கு கண்ணு! விடாத! என் கையைப் புடிச்சுக்க, நகம் பட்டாப் படட்டும்! இன்னும் ஒரே ஒரு தடவை, முக்குடி!"

குழந்தை வீறிட்டது.

ஆய்வாளரின் பென்சில் பறந்தது. கத்தினாரா? ஆம். ஒருமையில் பேசினாரா? ஆம். கேட்காமல் தொட்டாரா? ஆம், ஆம். பாக்கி இருந்தது பதிமூன்றாவது. அது தாயிடமே கேட்க வேண்டிய கேள்வி.

மறுபடியும் கால்மாட்டில் போய் நின்றாள். செவிலி வெளிறிப்போய்ச் சுவரோரம் ஒதுங்கினாள். அவள் கையில் நான்கு நகக்கீறல்கள்.

"நாலாம் கட்டில், உங்ககிட்ட யாராவது மரியாதை இல்லாம நடந்துக்கிட்டாங்களா? பயப்படாம சொல்லுங்க."

குழந்தையை நெஞ்சோடு அணைத்திருந்தவள் செவிலியைப் பார்த்தாள். பிறகு ஆய்வாளரை ஏற இறங்கப் பார்த்தாள்.

"ஒரே ஒருத்தங்க. என் பேரும் கேக்கல, நிக்கலாமான்னும் கேக்கல, காலைலேர்ந்து என் கால்மாட்டுல நின்னு டிக் அடிச்சுக்கிட்டே இருந்தாங்க."