ஒன்பது டிஸ்கட்டில் ஒரு மனு

கிள்ளான் பள்ளத்தாக்கு முழுவதிலும் எதையுமே தொலைக்காத மனிதர் ஒருவர்தான் இருந்தார். அவர் எங்கள் டிஸ்கட் அண்ணன். சொந்தப் பெயரை மட்டும் நாங்கள் பிடுங்கிக்கொண்டோம்.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில், பிரிக்ஃபீல்ட்ஸில் மனு தட்டச்சு செய்து தரும் கடையில் நான் வேலை பார்த்தேன். அங்கிருந்த ஒரே கம்ப்யூட்டருக்குக் காவல் அண்ணன். இரண்டு கைக்கடிகாரம் கட்டியிருப்பார். வெள்ளிதோறும் எங்கள் கடிதங்களை எல்லாம் சுருக்கி, ஒரே மூட்டையாகக் கட்டி, ஒன்பது ஃப்ளாப்பி டிஸ்கட்டில் பிரித்து ஏற்றுவார். "கடை எரிஞ்சாலும் பாதியாவது மிஞ்சணும்லா" என்று சொல்லி, நான்கைக் கடையிலும் நான்கைச் சுங்கை வேயில் தம் வீட்டிலும் வைப்பார். கடைசி டிஸ்கட் கிள்ளானில் அவருடைய அக்கா வீட்டுக்குப் போகும்.

ஒரு திங்கள் காலை, லோரிக்காரர் ஒருவரின் புகார்க் கடிதத்தை அடித்து, முனியம்மா ஆன்டியின் குடியுரிமை மனு இருந்த அதே பெயரில் சேமித்துத் தொலைத்தேன். மனு போயே போய்விட்டது. ரிப்பன் தீர்ந்திருந்ததால் அச்சும் எடுத்திருக்கவில்லை. எந்தெந்தத் தோட்டத்தில் எத்தனை வருடம் ரப்பர் பாலெடுக்கப் பால்மரம் வெட்டினார் என்று போன வாரம் மூன்று நாள் உட்கார்ந்து சொன்ன ஆறு பக்கம் அது. நேர்காணல் அன்று மதியம் இரண்டு மணிக்கு. பந்திங்கிலிருந்து நல்ல சேலை கட்டி வந்து பெஞ்சில் உட்கார்ந்திருந்தார் ஆன்டி.

"பேப்பர் ரெடியா தம்பி?"

"கொஞ்ச நேரம் ஆன்டி," என்றேன். உள்ளே ஓடி, அண்ணனிடமும் முதலாளியிடமும் மனுவைக் காணோம் என்றேன்.

"மூட்டைய முழுசா பிரிச்சுக் கொட்டுலா," என்றார் முதலாளி அண்ணனிடம்.

"முழுசா பிரிச்சா, இன்னிக்கு அடிச்சதுமேல பழசு வந்து உக்காந்துக்கும் பாஸ். ஒன்னே ஒன்ன மட்டும் உருவுறேன்."

எந்தக் கடிதம் எங்கே இருக்கிறது என்ற பட்டியல் மூட்டையின் வாலில்தான் இருக்குமாம். கம்ப்யூட்டர் கடைசி டிஸ்கட்டைக் கேட்டது. இருவரும் அண்ணனின் மோட்டார் சைக்கிளில் கிள்ளானுக்குப் பறந்தோம்.

அக்கா சாமியறையைக் காட்டினார். விநாயகர் பக்கத்தில், திருநீறும் குங்குமப் பொட்டுமாக டிஸ்கட்.

"கடையோட உசுரே இதுலதான் இருக்குன்னு நீதானே சொன்ன?"

அண்ணன் டிஸ்கட்டை எடுத்தார். ஊதினார், துடைத்தார், சட்டைக்குள் வைத்துக்கொண்டார். திரும்பும்போது நாற்பதைத் தாண்டவில்லை. "குலுங்கினா எழுத்து உதிர்ந்துடும்" என்றார். நான் பின்னால் இருந்து அவருடைய இரண்டு கடிகாரங்களையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டே வந்தேன்.

மணி பன்னிரண்டே முக்கால். கம்ப்யூட்டர் நறநறவென்று மென்றது, பட்டியல் வந்தது. மூன்றாம் டிஸ்கட்டைக் கேட்டது. அது கடையிலேயே இருந்தது. "பழைய பெயர்மேல் எழுதவா?" என்று கேட்டபோது அண்ணன் மறுத்து, வேறு இடத்தில் இறக்கினார்.

"அதுல இப்ப லோரிக்காரன் கடிதம்; அவனும் பாவம்லா."

ஆறு பக்கமும் புது ரிப்பனில் இறங்கின. ஆன்டி கைநாட்டு வைத்தார். அண்ணனே டாக்சி பிடித்து ஏற்றிவிட்டார். அடுத்த வருடம் குடியுரிமை இல்லாதவருக்கான சிவப்புக் கார்டு போய், குடிமகளின் நீலக் கார்டோடு அவர் கடைக்கு வந்ததும் நடந்தது.

அன்று டாக்சி போனதும் முதலாளி கேட்டார்: "யாரு அழிச்சது?"

"மெஷின் மக்கர் பாஸ்," என்றார் அண்ணன், கண்ணிமைக்காமல். பிறகு என் பக்கம் குனிந்து, "காலைலேருந்து ஒன்னும் சாப்பிடல நீ. வா," என்றார்.

என்னைப் பெற்றவர்கூட அன்று அப்படிச் சொல்லியிருக்க மாட்டார்.