ஏழு குழாயை ஒன்றாக்கினேன்

பெர்கா, உப்பு மீன் கடை மேசையிலிருந்து
செவ்வாய்க்கிழமை

அன்புள்ள மைத்துனன் ஜெர்வாசிக்கு,

இசிட்ரே எழுதிக்கொள்வது. தொர்தோசாவில் உன் மாமனார் தோட்டத்து ஒலிவ் இந்த வருடம் கிளை முறியக் காய்த்திருப்பதாக அறிந்து மகிழ்ந்தோம். உன் இடுப்பும் ஏணியும் ஒன்றையொன்று பொறுத்துக்கொண்டிருக்கும் என்று நம்புகிறேன். இங்கே உன் அக்கா ரோசர் சுகம், நான் சுகம். உன் மருமகள், எங்கள் மகள் மரியோனாவும் சுகம்தான். என்னோடு பேசுவதில்லை, அவ்வளவே.

இதைப் போனில் சொல்லத்தான் நான்கு முறை எடுத்தேன். பாதியிலேயே கத்துவாய். கடிதத்தைப் பார்த்து எவ்வளவு வேண்டுமானாலும் கத்து, எனக்குக் கேட்காது.

ஒலிவ் பறிக்கப் போகும்போது அவளுடைய பாறையேற்றப் பந்தய மோட்டார் சைக்கிளை என் கொட்டகையில் நிறுத்திவிட்டு, "அத்தான், எதையும் தொடாதீங்க" என்றாய். தொட்டிருக்க மாட்டேன், ஆனால் பார்த்துவிட்டேனே! உட்கார இருக்கைகூட இல்லாத வண்டிக்கு வயிற்றுக்குள் அத்தனை குடலா என்று திகைத்துப்போனேன். தள்ளுவண்டியில் தொடங்கி மூன்று கதவுக் கடை வைத்தவன் நான். இடத்தை அடைக்கிற எதையும் நான் கேட்பது ஒரே கேள்விதான், உன்னால் எனக்கு என்ன லாபம்? அதையே ஒவ்வொரு கம்பியிடமும் கேட்டேன். முன்விளக்கா, பந்தயம் பகலில்தானே, வெட்டு. ஹாரனா, பாறையை ஒதுங்கச் சொல்லவா, வெட்டு. கைப்பிடியில் சிவப்புக் கயிறு தொங்கும் காந்தப் பொத்தான், அதற்குப் போகிற இரண்டு கம்பியும் இன்ஜினை நிறுத்த மட்டும்தானாம். ஓடுவதற்குத்தானே வண்டி வாங்கினோம், அதையும் வெட்டு. பிறகு குழாய்கள். டேங்கிலிருந்து ஒன்று, கார்புரேட்டரிலிருந்து நான்கு, ரேடியேட்டரிலிருந்து ஒன்று, கியர்பெட்டியிலிருந்து ஒன்று, ஆக ஏழும் ஆளுக்கொரு பக்கம் தொங்கின. கடையில் மீன் ஊறும் பன்னிரண்டு தொட்டிக்கும் பன்னிரண்டு குழாய் இருந்ததை ஒரே குழாயாக்கிச் சாக்கடையில் விட்டவன் யார்? நான்தானே! அதே மாதிரி ஏழையும் இணைத்து, ஒரே குழாயாகச் சக்கரத்துக்குப் பக்கத்தில் கீழே இறக்கிவிட்டேன். கண்ணாடி அலமாரியில் வைக்கலாம் போல இருந்தது. சனிக்கிழமை மரியோனா வந்து பார்த்து, "என்னப்பா, ஏதோ குறையுதே?" என்றாள். "எடை குறையுது, ஏறி ஓட்டு" என்றேன். முற்றத்தில் பறந்தது.

ஞாயிறு காலை, பந்தயத்துக்கு முந்தைய வண்டிச் சோதனையில் முதல் அதிர்ச்சி. ரொட்டிக்கடை தெக்லா அம்மாள்தான் சோதனை. "கயிறு எங்கே?" என்றாள்.

"வெட்டிட்டேன்."

"பொண்ணு கீழ விழுந்தா வண்டியை யாரு நிறுத்துவா, நீங்களா?"

"அது கொஞ்ச தூரம் போய்த் தானா நிக்கும்மா."

"அந்தக் கொஞ்ச தூரத்துலதான் நான் நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கேன், ஐயா!"

மரியோனா என்னைப் பார்த்த பார்வையை எழுத முடியாது. புறப்பட ஏழு நிமிடம் இருக்கையில், பல்லால் கம்பி உரித்து முறுக்கி, பொத்தானைத் திரும்ப மாட்டினோம்.

பந்தயத்தில் ஏறிக் கடக்க வேண்டிய முதல் மூன்று இடமும் காய்ந்த பாறை. ஒரு தடவைகூடக் கால் ஊன்றவில்லை, ஒரு தண்டப் புள்ளிகூட ஏறவில்லை. பக்கத்தில் நின்றவர்களிடம் குழாய் வேலையைப் பற்றி நானாகவே சொல்லத் தொடங்கிவிட்டேன். நான்காவது இடம் ஓடைக்குள். நடு ஓடையில் வண்டி படுத்துவிட்டது. ஐந்து தண்டப் புள்ளி! கரைக்குத் தூக்கிவந்து ஒரு உதை உதைத்தால் உடனே ஓடுகிறது. ஆறாவதும் ஓடை, மறுபடி நின்றது, ஐந்து. டேங்க் மூடியைத் திறந்தேன், பெட்ரோல் இருந்தது. பிளக்கை மாற்றினேன். எட்டிலும் நின்றது. ஒன்பதில் நின்றதோடு வெள்ளைப் புகையும் வந்தது, சர்க்கரைப் பாகு காய்ச்சும் வாசனையோடு. இன்ஜினுக்குப் பேய் பிடித்துவிட்டது என்றே நினைத்தேன். அந்த இடத்தில் புள்ளி போட உட்கார்ந்திருந்ததும் தெக்லா அம்மாள்தான். குனிந்து என் குழாயைப் பார்த்தாள்.

"இது யாரு வேலை?"

"என் வேலைதான். சுத்தமா இருக்குல்ல?"

"ஐயா, உங்க மீன் தொட்டி தண்ணியை வெளியே விட்டாப் போதும். இது மூச்சு விடுற சாமான். மூக்கைக் கொண்டுபோய் ஓடைக்குள்ள வச்சிருக்கீங்க. காத்துக்குப் பதிலா தண்ணியைக் குடிக்குது, ரேடியேட்டர் கக்குறதையும் சேர்த்துக் குடிக்குது. நானா இருந்தா முதல் ஓடையிலேயே செத்திருப்பேன்."

ஜெர்வாசி, முப்பது வருட வியாபாரத்தில் என்னை யாரும் இப்படி உலுக்கியதில்லை. வெளியே விடத்தான் குழாய் என்றிருந்தேன்; உள்ளே இழுக்கவும் குழாய் உண்டென்று எவனாவது சொன்னானா? மரியோனா நான் சுமந்த பையிலிருந்து கத்தியை எடுத்து, அத்தனை பேர் முன்னால் என் குழாயை ஏழு துண்டாக அறுத்தாள். கார்புரேட்டரைக் கழுவி மாட்டி, இரண்டாம் சுற்று முழுவதும் ஒரு புள்ளி வாங்கவில்லை. ஆனால் முதல் சுற்றின் இருபது இருபதுதானே? பட்டியலில் இரண்டாவதாக இருந்தவள் நான்காவதாகிவிட்டாள். தேசிய அணிக்குப் போவது மூன்று பேர். வரும் சனிக்கிழமைதான் கடைசிப் பந்தயம்.

ஆகவே கெஞ்சிக் கேட்கிறேன்: ஒலிவ் காத்திருக்கும், வியாழக்கிழமைப் பேருந்தில் கருவிப்பெட்டியோடு வா. ஏழு குழாயையும் நீ வைத்திருந்தபடியே வை. சனிக்கிழமை வழக்கம்போல நீயே உதவியாளாகப் பை சுமந்து அவள் பின்னால் போ. இனி ஒரு திருகாணியைக்கூடத் தொடேன். நான் செய்தது முழு முட்டாள்தனம்.

உன் மாமனாருக்கும் மாமியாருக்கும் எங்கள் வணக்கம். கெரால்ட் மலை மாதா உன்னை ஏணியின் மேல்படியில் காப்பாளாக.

உன் அக்காள் கணவன்,
இசிட்ரே

பின்குறிப்பு: உறையை ஒட்டுமுன் கொட்டகைக்குப் போனேன். என் பெரிய மீன் தொட்டிக்குள் சக்கர அச்சுவரை தண்ணீரில் வண்டி நிற்கிறது, இன்ஜின் ஓடுகிறது, நிற்கவில்லை! எண்ணினேன், நான்கே குழாய். கார்புரேட்டரின் நான்கையும் ஒன்றாக்கி, வாயை மேலே டேங்குக்கு அடியில் செருகியிருக்கிறாள். "சேர்த்தது தப்பில்லப்பா, வாயை வச்ச இடம்தான் தப்பு" என்றாள். ஆக, நான் செய்தது முழு முட்டாள்தனமில்லை, மேலே உள்ளதை அடித்துவிடு. "மாமா வரட்டுமா?" என்றேன். "வேண்டாம். அவர் வச்சதைத் தொடவே விடமாட்டார், நீங்க வச்சதைத் தாங்கவே முடியாது. பை சுமக்க அம்மா வர்றாங்க" என்றாள். திரும்பினால் ரோசர் உன் தலைக்கவசத்தைப் போட்டுப் பார்த்துக்கொண்டிருக்கிறாள். ஆனாலும் வியாழக்கிழமை வந்துவிடு, கருவிப்பெட்டி வேண்டாம். சனிக்கிழமை சந்தை நாள், கடையில் நான் ஒருவன்தான். ஐந்து மணிக்கு முடிவு சொல்ல ரோசர் கடைக்குப் போன் செய்வாள். நீ எடு. எனக்குக் கை ஈரமாக இருக்கும்.